இடுப்பில் இருந்த கருப்புப் பொருக்கு: அம்மா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோத்தகிரி பக்கம். அம்மாவுக்கு 51 வயது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கார்த்திகையில் காய்ச்சல் வந்து, இங்கே ஒரு கிளினிக்கில் ஆறு நாள் ஊசி போட்டும் விடவில்லை. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைகிறது, டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு இளம் டாக்டர், அம்மா பாவாடை நாடா கட்டும் இடத்தில் கருப்பாக ஒரு பொருக்கைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லி மருந்தை மாற்றினார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. இப்போது வீட்டில் இருக்கிறார். டிஸ்சார்ஜ் அன்று அதே டாக்டர், அம்மாவின் கேஸை ஒரு மருத்துவ இதழில் எழுத வேண்டும், படமும் போட வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார். இன்னொருவர் ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றார். அம்மாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று தம்பி கத்துகிறான். எனக்கோ அந்தக் கிளினிக்கின் பேரைப் போட்டு எழுதினால் நல்லது என்று இருக்கிறது. அம்மா, "அவங்கதான் என்னைப் பொழைக்க வச்சாங்க, கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது" என்கிறார். நாங்கள் என்ன செய்வது? அம்மா மறுபடி தோட்ட வேலைக்குப் போகலாமா?

பதில்: அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஆறு நாள் வேலை செய்யாத மருந்தில் ஓடிய ஸ்க்ரப் டைபஸ், மூச்சுத் திணறல், அந்த நிலையில் மலையை விட்டுக் கீழே இறங்கும் பயணம், இது மூன்றும் சேர்ந்து வந்து திரும்பாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீலகிரியில் இத்தனை வருடம் பொது மருத்துவம் பார்ப்பவர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கேஸை எழுதக் கொடுக்கலாம், கொடுப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படிவத்தில் இப்போதே கையெழுத்து வேண்டாம். அவர்கள் எழுதி முடிக்கட்டும், எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டட்டும், அதற்குப் பிறகு போடலாம். படம் என்றால் அந்தப் பொருக்கும் சுற்றி இரண்டு விரல் அகலத் தோலும் போதும். அப்புறம், முடிவு எடுக்க வேண்டியவர் அம்மா. நீங்களும் தம்பியும் பக்கத்தில் இருந்து விஷயத்தைப் புரியவைக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பொருக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இளம் டாக்டர் ஏன் இதை எழுத ஆசைப்படுகிறார் என்பது அதில்தான் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸை இங்கே உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் மாட்டின் மேல் நாம் பிடுங்கிப் போடுகிற உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. புதரிலும் புல்லிலும் எலி நடமாடும் இடங்களிலும் இருக்கிற ஒரு சிற்றுண்ணி, அதிலும் முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்கும். கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாத அளவு சிறியது, கடித்ததே தெரியாது. உடம்பில் ஏறி, துணி இறுகும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்: இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில். சில நாளில் அந்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பாக ஒரு பொருக்கு கட்டும். வலிக்காது, அரிக்கவும் அரிக்காது, அதனால் யாரும் அதைச் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் வருவதில்லை. எல்லோருக்கும் அது வருவதும் இல்லை, மாநிறத் தோலில் வந்தாலும் மச்சம் மாதிரி இருந்து ஏமாற்றும். கடித்து ஒரு வாரம், பத்து நாள், சில பேருக்கு மூன்று வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் ஆரம்பிக்கும், அதற்குள் எந்தப் புதரில் நின்றோம் என்பதே மறந்திருக்கும்.

இந்தக் கிருமிக்கு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்கிற ஜாதி. காய்ச்சல் என்றதும் பழக்கத்தில் போடுகிற பென்சிலின் வகை ஊசிகளும் செஃப்ட்ரியாக்ஸோனும் இதன் மேல் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ சரியான நேரத்தில் விழுந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும், அம்மாவுக்கு இறங்கிய மாதிரி. விழாவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளையுறை என்று ஒவ்வொன்றாகப் போகும். தட்டணு இதிலும் குறையும், அதனால்தான் டெங்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவும் மலையில் வேலை பார்க்கிற டாக்டர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். பாடத்தில் இருக்கிறது. பின்னே ஏன் தவறுகிறது? அம்மா அந்தக் கிளினிக்குக்குப் போன காட்சியை நினைத்துப் பாருங்கள். சின்ன அறை, கதவுக்கு வெளியே இருபது பேர், புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஷால், பக்கத்தில் மகன் நிற்கிறான். பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொல்ல டாக்டருக்கு வாய் வராது, சொன்னாலும் தளர்த்த அம்மாவுக்கு மனம் வராது. தடுப்புக்கு ஒரு திரையும் கூட நிற்க ஒரு நர்ஸும் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். பெரிய ஆஸ்பத்திரியில் அது இருந்தது. கூடவே தலை முதல் கால் வரை பார்க்கும் பொறுமை உள்ள ஒரு டாக்டரும் இருந்தார். இந்தக் கேஸிலிருந்து மற்ற டாக்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான், அந்த இளம் டாக்டர் இதை விட்டுவிட்டு நோயின் பெயரைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதினால் அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், திரையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

அதனால்தான் கிளினிக்கின் பேரைப் போட வேண்டாம் என்கிறேன், போடவும் மாட்டார்கள். கேஸ் ரிப்போர்ட் என்பது புகார் மனு இல்லை. "வேறிடத்தில் ஆறு நாள் சிகிச்சை பெற்ற பின் வந்தார்" என்று ஒரு வரி வரும், படிக்கிற டாக்டருக்கு அந்த வரியே போதும். உங்கள் கோபம் நியாயமானது, அதற்கு வேறு வழி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கி வையுங்கள், எப்படியும் அம்மாவுக்குப் பின்னால் உதவும். பிறகு, முடிந்தால், கோவை டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அந்தக் கிளினிக் டாக்டரை நேரில் பாருங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், "பொருக்கு இங்கே இருந்தது" என்று காட்டிவிட்டு வாருங்கள். கீழே அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று மலையில் இருக்கும் எங்களுக்கு யாரும் வந்து சொல்வதே இல்லை. சொன்ன ஒன்றிரண்டு பேரால் நான் திருந்தியிருக்கிறேன். அதற்குப் பிறகும் ஆறாவிட்டால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம், அது உங்கள் உரிமை.

இனி, ஏன் இவ்வளவு நிபந்தனை போடுகிறேன் என்பதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வது எனக்குச் சுலபமில்லை.

பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில் இதே நோயோடு ஒரு பெண் வந்தார். அக்குளில் பொருக்கு. கண்டுபிடித்தது நான்தான், அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் மற்ற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஸ்லைடு போட்டுக் காட்டினேன். பேர் போடவில்லை. முகம் இல்லை. வயது, ஊர்ப் பக்கம், எந்தத் தோட்டம் என்பது இருந்தது. கையைத் தூக்கி எடுத்த படத்தில், முழங்கைக்கு உள்பக்கம், அவர் புருஷன் பேர் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. கேஸ் ஷீட்டில் பழைய நோய் விவரம் என்று ஒரு பகுதி இருக்கும், அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன்: மூன்று வருடங்களுக்கு முன் பூச்சிமருந்து குடித்துச் சிகிச்சை பெற்றவர் என்று. காய்ச்சலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேஸ் ஷீட்டில் இருந்தது, அதனால் போட்டேன்.

கூட்டத்தில் இருந்த ஒருவருக்கு அந்த ஊரில் சொந்தம் இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார், பாவம் என்று சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணின் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வந்த இடம் நின்றுபோனது. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவரே ஓ.பி.யில் வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல், "நான் உங்ககிட்ட மட்டும்தானே டாக்டர் சொன்னேன்" என்றார். அவரிடம் படத்துக்கு அனுமதி கேட்டிருந்தேன், "சரிங்க" என்றும் சொல்லியிருந்தார், ஆனால் எதற்குச் சரி சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

சென்னை மாதிரி ஊரில் "51 வயதுப் பெண், தோட்டத் தொழிலாளி" என்றால் லட்சம் பேரில் ஒருவர். நம் பக்கம் அப்படியில்லை. ஒரு ஹட்டியிலோ (மலைக் கிராமம்) ஒரு லைனிலோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), கார்த்திகையில் ஆம்புலன்ஸில் கீழே போய்த் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர்தான் இருப்பார். பேரை மறைப்பதும் கண்ணுக்கு மேல் கருப்புப் பட்டை போடுவதும் இங்கே எதையும் மறைக்காது. உலகம் முழுக்க மருத்துவ இதழ்கள் பின்பற்றுகிற ஆசிரியர் குழு நெறிகளே கண்ணை மறைப்பது போதாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன, அடையாளம் தெரியுமோ என்று சந்தேகம் இருந்தாலே எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கின்றன. நான் முன்னே சொன்ன 2002 விதிகளில் இதைப் பற்றியும் உண்டு, அனுமதி இல்லாமல் அடையாளம் தெரியும்படி நோயாளியின் படமோ கேஸோ வெளியிடக் கூடாது என்று. ஆனால் அதே விதி, அடையாளம் வெளியாகாவிட்டால் ஒப்புதல் தேவையில்லை என்றும் முடிகிறது. எனக்கு அந்தக் கடைசி வாக்கியத்தில் உடன்பாடு கிடையாது. அடையாளம் தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்கிறவர் டாக்டர், அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. தெரியுமா என்று சொல்லத் தகுதியானவர் அம்மாதான். உங்களிடம் படிவத்தைக் கொடுத்து முறையாகக் கேட்டிருக்கிறார் என்பதால் அந்த இளம் டாக்டர் மேல் எனக்கு மரியாதை வருகிறது.

ஆகவே, எழுதியதைக் காட்டச் சொல்லும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், "தென்னிந்திய மலைப்பகுதி" போதும். வயது "ஐம்பதுகளில்" என்றிருக்கலாம். சேர்த்த தேதி தேவையில்லை, குளிர்காலம் என்றால் போதும். தோட்ட வேலை என்பது இருக்க வேண்டும், ஏனென்றால் நோய் வந்த வழி அது. அப்புறம் அந்தப் பழைய விவரப் பகுதி, அதைத்தான் வரி வரியாகப் பாருங்கள். கருச்சிதைவு, குடிப்பழக்கம், மனநலச் சிகிச்சை, எச்.ஐ.வி. சோதனை நெகட்டிவ் என்பதுகூட, இந்தக் காய்ச்சலுக்குச் சம்பந்தமில்லாத எதுவும் அங்கே இருக்க வேண்டியதில்லை. சமூகப் பெயரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். படத்தில் பச்சை, தாலிக்கயிறு, புடவைக் கரை, மச்சம் எதுவும் தெரியக் கூடாது. படம் எடுத்தது டாக்டரின் சொந்த மொபைலிலா என்று கேளுங்கள், அப்படியென்றால் ஆஸ்பத்திரிப் பதிவில் சேர்த்துவிட்டு மொபைலில் இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நோயாளிகளின் படங்கள் எப்படி அலைகின்றன என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. அச்சில் வருவதற்கு முன்பு வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். வெளிவந்து இணையத்தில் ஏறிய பிறகு திரும்பப் பெற முடியாது. இதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், டாக்டர் கூட்டத்தைச் சேராத ஒருவர் சாட்சியாக இருந்து, வாசித்துச் சொன்னதைக் கேட்டு, கைநாட்டுக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தம்பியின் கோபத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள், மலைக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வர நியாயம் இருக்கிறது. இந்த மலை வெகுகாலமாக மருத்துவ ஆராய்ச்சி நடக்கிற இடம். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் வந்தது, வெறிநாய்க் கடிக்கு மருந்து. அதே குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் உணவுச் சத்துக் குறைவைப் பற்றி எலிகளை வைத்து ஆராய்ந்த கூடம்தான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பார்த்து, அரிவாள் அணு மரபு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளையவைத்து நோய் தரக்கூடிய பரம்பரைக் குறை) இங்கே இருக்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள், இந்தியாவில் அதைப் பற்றி வந்த முதல் பதிவு அது. அந்த நோயை ஒழிக்கத் தேசிய அளவில் ஒரு இயக்கம் அறிவிக்கப்பட்டது 2023-ல். நடுவில் 71 வருடம். இடையில் கூடலூர், கோத்தகிரி பக்கம் சில அமைப்புகள் பழங்குடி மக்களுக்காக உழைத்தது உண்மை, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், "எங்க ரத்தத்தைக் கொண்டுபோனீங்களே, எங்களுக்கு என்ன வந்தது" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

அதே நேரம், எலி என்ற சொல் அம்மாவுக்கு நடந்ததற்குப் பொருந்தாது. உங்களிடம் கேட்டவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். கேஸ் ரிப்போர்ட் என்பது நடந்து முடிந்ததை எழுதுவது மட்டும்தான், அம்மா உடம்பில் புதிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. ஒரு நோயாளியின் கதை எதையும் நிரூபிக்காது, ஆனால் மணி அடிக்கும். 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்தது, எய்ட்ஸ் என்று பின்னால் பேர் வாங்கிய நோயைப் பற்றி உலகுக்குக் கிடைத்த முதல் செய்தி அதுதான். ஸ்க்ரப் டைபஸ் அப்படிப் புதிய நோய் இல்லை, அதனால் பெரிய இதழ்கள் இதை எடுக்கத் தயங்கலாம். நம் பக்கத்து டாக்டர்கள் படிக்கிற இதழில் வந்தாலே போதும்.

மருந்துச் சோதனை என்பது தனி. அதில்தான் யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள், தம்பி பயப்படுவது அதை நினைத்துத்தான் என்று தோன்றுகிறது. அதையும் கெட்டது என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்கு வந்த இதே நோயில், மூச்சுத் திணறல் வரை போனவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று பல வருடம் யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் இருந்தது. சில டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் என்பார்கள், சிலர் அசித்ரோமைசின் என்பார்கள், நாங்களும் அவரவர் பழக்கப்படி போட்டுக்கொண்டிருந்தோம். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று, இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில், நோய் முற்றிய சுமார் 800 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு ஒரு மருந்து, இன்னொரு பிரிவுக்கு மற்றது, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் என்று நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023-ல் வந்தது. 28 நாளுக்குள் மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், இவற்றில் ஏதாவது ஒன்று ஏற்பட்டவர்கள் ஒற்றை மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம், இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 33. மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அன்று சம்மதித்துப் படுத்த அந்த 800 பேரால்தான் இன்று நோய் முற்றி வருகிறவருக்கு நான் தயங்காமல் இரண்டு மருந்தையும் சேர்த்து ஆரம்பிக்கிறேன். என் மேஜையில் உட்கார்ந்து எத்தனை கேஸ் ரிப்போர்ட் படித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. காசநோய்க்கு மலைக்காற்றும் நல்ல சாப்பாடும் சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் படுக்கையும் வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959-ல் வந்த அந்த முடிவுக்குப் பிறகு உலகத்தின் ஏழை நாடுகளில் சானடோரியத்தை நம்பிக் காத்திருக்க வேண்டிய தேவையே குறைந்தது. கிடைக்காத படுக்கைக்காகக் காத்திருந்த எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகாமல் வீட்டிலேயே பிழைத்திருப்பார்கள்!

இனி அந்த ரத்தம். அது சோதனை மருந்து கிடையாது, சேமித்து வைத்து ஆராய்வது. ஆனால் கேஸ் ரிப்போர்ட்டுக்குப் போட்ட கையெழுத்து இதற்குச் செல்லாது, தனிப் படிவம், தனி விளக்கம் வேண்டும். எத்தனை மில்லி, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், இந்தக் கிருமிக்கு மட்டுமா வேறு ஆராய்ச்சிக்கும் எடுப்பார்களா, மரபணுப் பார்ப்பார்களா, வேறு நிறுவனத்துக்கோ நாட்டுக்கோ அனுப்புவார்களா, முக்கியமான ஏதாவது தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். எத்திக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிமுறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள், சட்டம் தெரிந்த ஒருவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும், அவர்களை அணுகும் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும். நாளைக்கு யாராவது மருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டால், அதை முன்கூட்டியே சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், 2009-லிருந்து அது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல டாக்டர் சந்தோஷமாகக் கொடுப்பார். சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளில் இருக்கிறது. ஆனால் அம்மா இப்போதுதான் எழுந்திருக்கிறார். ரத்தத்துக்கு அவசரமில்லை, அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், கேட்டுக்கொண்டு அப்போது முடிவு செய்யலாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஊரில் யாராவது கேட்பார்கள். கேஸ் எழுதினால் நோயாளிக்குப் பணம் வராது, டாக்டருக்கும் பெரும்பாலும் வராது, சில இதழ்கள் எழுதியவரிடமே கட்டணம் வாங்கும். ஆனால் அந்த டாக்டருக்கு லாபமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிஜி (மருத்துவ மேற்படிப்பு) படிப்பவருக்குக் கட்டுரையோ கருத்தரங்கில் வைத்த போஸ்டரோ படிப்புக்கும் வேலைக்கும் உதவும். அதில் தப்பில்லை, அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா சொன்ன வார்த்தைதான் எனக்குக் கடிதம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. பிழைக்க வைத்தவர் கேட்டால் எப்படி மறுப்பது. இந்த நன்றியை வைத்துத்தான் நான் அன்று "சரிங்க" வாங்கினேன். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: டாக்டர் பார்த்தது அவர் வேலை, அதற்குக் கைமாறாக அம்மா எதுவும் தர வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை மருந்து நிற்காது, சீட்டு எழுத மறுக்கமாட்டார்கள், அப்படி யாராவது முகம் சுளித்தால் அந்தத் துறைத் தலைவரிடம் போகலாம். இதையெல்லாம் கேட்ட பிறகும், "இன்னொருத்திக்கு உதவும்னா போடட்டும்" என்று அம்மா சொன்னால், அது அவருடைய சொந்தச் சம்மதம், தயங்காமல் கொடுக்கட்டும். ஒருநாள் சாயங்காலம், நீங்களும் தம்பியும் அந்தப் பேச்சை எடுக்காமல் அவரைத் தனியாக யோசிக்க விடுங்கள். பொருக்கு இருந்த இடத்தின் படம் போடுவது அவருக்குக் கூச்சமாக இருந்தால், படம் இல்லாமல் எழுத்தாக மட்டும் போடச் சொல்லலாம். அதற்கும் டாக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்வார்.

தோட்டத்துக்கு மறுபடி போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் நடந்தால் மூச்சு வாங்காத நிலை வரும் வரைக்கும் பொறுக்கட்டும், சில வாரம் அசதி இருக்கும். ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்பது இந்த நோயில் கிடையாது, கிருமியில் பல வகை இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் தேய்த்துக் குளித்துவிட்டு, போட்டிருந்த துணியை அன்றே துவைக்கட்டும், துவைத்ததைப் புல்லில் விரிக்காமல் கொடியில் போடட்டும், உட்காரும் இடத்தில் ஒரு தாளையாவது விரித்துக்கொள்ளட்டும். குளிக்கும்போது இடுப்பையும் அக்குளையும் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் வரட்டும். பக்கத்து நிரையில் பறிக்கிற பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, "எனக்குப் போன வருஷம் ஸ்க்ரப் டைபஸ் வந்தது, உடம்பைப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் செய்யாதீர்கள், ஜெராக்ஸ் இரண்டு எடுத்து ஒன்றை அம்மாவின் பையிலேயே வையுங்கள்.